இருவருக்கு அறுநூற்று இருபது கிராம்

அந்தப் பொத்தானை அமுக்கறதுக்கு முன்னால ஒரு நிமிஷம் இருங்க. நான் எட்டிப் பாக்கலைங்க. பஸ்ஸு குலுங்குச்சு, உங்க போனு என் மூக்குக்கு நேரா வந்துருச்சு. காயி, அரைச்ச மசாலா, எண்ணெய் எல்லாத்தையும் அளந்து அளந்து கவர்ல போட்டு, எப்படிச் சமைக்கணும்னு ஒரு அட்டையும் வெச்சு, வாராவாரம் பெட்டியில வீட்டுக்கு அனுப்பறாங்களே, அதுதானுங்களே அது? எங்க வீட்டுக்கு ரெண்டரை மாசம் வந்துச்சுங்க. அது வந்ததாலதான் இன்னைக்கு நான் தாராபுரம் பஸ்ஸுல உங்களுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கேன்.

வாங்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டு இருக்கீங்க. சொல்றேன். இப்பத்தானே சூலூர் தாண்டியிருக்கோம், நேரம் கெடக்குது.

என் பேரு சென்னியப்பன். முத்திரை ஆய்வாளரா இருந்து ரிட்டையர் ஆனவனுங்க. கடையில தராசு, எடைக்கல்லு, எண்ணெய் அளக்கற லிட்டரு, இதெல்லாம் சரியா இருக்குதான்னு பாத்து முத்திரை குத்தறது. முப்பத்தோரு வருஷம். உக்கடம் மார்க்கெட்டுல நான் வண்டியை நிறுத்தினா நாலு கடை ஷட்டர் எறங்குமுங்க. பத்து கிராம் கொறைஞ்சாலும் விட்டதில்லை. பெருமைக்குச் சொல்லலை, பின்னால வர்றதுக்கு இது வேணும்.

எங்க வீட்டுக்காரி பேரு வசந்தாமணி, நான் அம்மிணின்னுதான் கூப்பிடறது. அவ அக்கா வீடு தாராபுரத்துல. அங்க மாரியம்மன் நோம்பி, கோயில் திருவிழான்னு போனா. நோம்பி முடிஞ்சு பதினெட்டு நாளாச்சுங்க. எங்களுக்குள்ள சண்டைன்னு ஒண்ணுமில்லை. போன் பண்ணினா நல்லாத்தான் பேசறா. வர்றேன் வர்றேங்கறா, வரமாட்டேங்கறா. அதான் நானே போயிக் கூட்டிட்டு வந்துரலாம்னு கெளம்பிட்டேன். வருவாளான்னு தெரியலைங்க. அதான் உண்மை.

அந்தப் பெட்டியை ஏற்பாடு பண்ணினது எங்க பொண்ணு ஹேமலதா. புனேயில இருக்குது. அவங்கம்மாவுக்கு மணிக்கட்டு வலி. காய் நறுக்க முடியலை, தேங்காய் துருவ முடியலைன்னு ஏதோ சொல்லியிருப்பா போல. எங்கிட்டச் சொல்லலைங்க. இந்தப் பொம்பளைங்களே அப்படித்தான், நம்மகிட்டச் சொல்லாம ஊருக்கெல்லாம் சொல்லுவாங்க. ஹேமா எங்க கல்யாண நாளுக்குன்னு மூணு மாசத்துக்குப் பணத்தைக் கட்டி விட்டுருச்சு. ரெண்டு பேருக்கு, வாரத்துக்கு நாலு சமையல். செவ்வாக்கெழமை ஒரு பெட்டி, வெள்ளிக்கெழமை ஒரு பெட்டி.

மொதப் பெட்டி வந்தன்னைக்கு என் தராசை எடுத்துட்டு வந்தனுங்க. வீட்டுல எலக்ட்ரானிக் தராசு ஒண்ணு வெச்சிருக்கேன், சோதிச்சுப் பாக்க முத்திரைக்கல்லும் வெச்சிருக்கேன். ஒவ்வொரு கவரா வெச்சுப் பாத்தேன். கடுகு மூணு கிராம்னு போட்டிருந்தா மூணு கிராம். சின்ன வெங்காயம் நூத்தி இருபதுன்னா நூத்தி இருபத்தி ஒண்ணு. உப்பைக்கூட கவர்ல போட்டு நாலு கிராம்னு எழுதியிருக்கான். நம்ம சமையல் புஸ்தகத்துல எல்லாம் உப்பு தேவையான அளவுன்னுதானே போடுவான்? தேவையான அளவுன்னா என்ன அளவு? யாருக்குத் தேவையான அளவு? எங்க அம்மிணி கையில அள்ளிப் போடுவா. கேட்டா கைக்குத் தெரியும்பா. எனக்கு அது எப்பவுமே புடிக்காதுங்க.

நிஜத்தைச் சொன்னா, கொஞ்சம் ஏமாத்தமா இருந்துச்சு. எங்கயாவது ரெண்டு கிராம் கொறையும், புடிக்கலாம்னு பாத்தேன். ரெண்டரை மாசத்துல ஒரு தடவை கொறையலைங்க.

நானும் சும்மா உக்காந்திருக்கலை. அட்டையை நான் படிப்பேன், அவ செய்வா. 'படி மூணு, தீயைக் கொறைச்சு நாலு நிமிஷம்'னு நான் அடுப்படி வாசல்ல நின்னு சொல்லுவேன், கடிகாரமும் நான்தான் பாப்பேன். பாதி வேலை என்னுதாப் போச்சு. அவளுக்கு எவ்வளவு சுலபம் பாருங்க. காய் நறுக்கியே வந்துருது, மசாலா அரைச்சே வந்துருது. நிக்கறது, கிண்டறது, பாத்திரம் கழுவறது, அவ்வளவுதான்.

ருசியும் கொறை சொல்ல முடியாதுங்க. ஒரு காளான் கொழம்பு வரும் பாருங்க, மெளகு போட்டு. மார்க்கெட்டுல காய் வாங்கிச் செய்யறதை விட ரெண்டு பங்கு வெலைதான், இருந்தாலும் பரவாயில்லைன்னு தோணுச்சு. ஒரு மாசம் இப்படிப் போச்சு. அப்புறம்தான் கவனிச்சேன். பத்தலை.

எனக்குப் பத்தலைங்க. எங்க வீட்டுல எப்படின்னா, நான் உக்காருவேன். அவ சட்டியைக் கையில வெச்சுட்டு நின்னு போடுவா. நான் கேக்கற பழக்கமெல்லாம் கெடையாது. போதும்னு சொல்ற வரைக்கும் போடுவா, போதும்னா நிறுத்திருவா. அப்புறம் அவ அடுப்படியில உக்காந்து சாப்பிட்டுக்குவா. உங்க வீட்டுலயும் அப்படித்தானே? ஒண்ணாவா? அட. தெனமுமா? சரி, சரி. அது அவங்கவங்க வீட்டுப் பழக்கம்.

இந்தப் பெட்டி வந்ததுக்கப்புறம், நான் போதும்னு சொல்றதுக்கு முன்னாலயே சட்டியில கரண்டி சொரண்டற சத்தம் வந்துருதுங்க. சொறசொறன்னு. ஒரு மனுசன் சாப்பிட்டுட்டு இருக்கும்போது அந்தச் சத்தம் எப்படி இருக்கும்? 'என்ன அம்மிணி, அதுக்குள்ள முடிஞ்சுதா?'ம்பேன். 'ஆச்சுங்க'ம்பா. மொகத்துல ஒண்ணும் காட்ட மாட்டா.

எனக்கு இது பெரிய புதிராப் போச்சுங்க. எடை சரியா இருக்குது, ஆனா பத்தலை. முப்பத்தோரு வருஷ அனுபவத்துல எடை சரியா இருந்து பொருள் பத்தாமப் போனதை நான் பாத்ததில்லை. அட்டையில பின்னால போட்டிருக்கான், சமைச்சு முடிச்ச பின் அறுநூற்று இருபது கிராம், இருவருக்குன்னு. சரி, வெந்து வத்திப் போகுதோ என்னமோன்னு சமைச்சதையும் எடை போட்டேன். சட்டி எடையைக் கழிச்சு, அறுநூத்தி இருபத்தி ரெண்டு. அப்ப எங்கதான் போகுது?

இது பல்லடமுங்களா? ஆமா. சன்னலைக் கொஞ்சம் சாத்துங்க, தூசி.

சரின்னு அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டனுங்க. ஸ்பீக்கர்ல போட்டேன். சாட்சி வேணுமில்லைங்களா, அதுக்காக வசந்தாமணியையும் கூப்பிட்டுப் பக்கத்துல நிறுத்தினேன். ஒரு சின்னப் பொண்ணு எடுத்துச்சு. நல்லாத்தான் பேசுச்சு.

'ஒரு பங்கு முந்நூத்திப் பத்து கிராம் சார். உங்க வீட்ல எத்தனை பேர் சாப்பிடறீங்க?'

'ரெண்டே பேருதான்.'

'நீங்க எவ்வளவு சாப்பிடுவீங்க சார்?'

'எவ்வளவுன்னா? சட்டி காலியாகற வரைக்கும். அப்பவும் பத்தலைங்கறதுதானே என் புகாரே.'

'அப்ப மேடம் என்ன சாப்பிடறாங்க சார்?'ன்னுச்சு.

நான் வசந்தாமணி பக்கம் திரும்பி, 'ஏம்மிணி, நீ என்ன சாப்பிடறே?'ன்னு கேட்டேன். முப்பத்தி மூணு வருஷத்துல அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லைங்க. கேக்க வேண்டியே வரலை. அவ முந்தானையில கையைத் தொடைச்சுட்டு, 'எனக்கென்னங்க, மோர் இருக்குது, ஊறுகாய் இருக்குது'ன்னா. பாருங்க, ஒரு கொறை சொல்லலை. நான் போன்ல சொன்னேன், 'கேட்டியா கண்ணு, அவளுக்கெல்லாம் பத்துது. எனக்குத்தான் பத்தலை'ன்னு.

அந்தப் பொண்ணு, 'மேடம்கிட்ட ஒரு நிமிஷம் பேசலாமா சார்?'ன்னுச்சு. குடுத்தேன். இவ ஸ்பீக்கரை நிறுத்திட்டு, போனை எடுத்துட்டுக் கொல்லைப்பக்கம் போயிட்டா. ஒரு நிமிஷமுங்களா அது? இருபது நிமிஷம். சன்னல் வழியாப் பாத்தேன். துணி தொவைக்கற கல்லு மேல உக்காந்து பேசறா, நடுவுல சிரிக்கறா, அப்புறம் மூக்கை உறிஞ்சறா. முன்னப்பின்ன தெரியாத பொண்ணுகிட்ட என்னங்க அவ்வளவு பேச்சு? வந்தவகிட்ட என்ன சொல்லுச்சுன்னு கேட்டேன். 'அளவைப் பத்திச் சொல்லுச்சுங்க'ன்னா. அவ்வளவுதான்.

மக்கா நாள், அடுத்த நாளுங்க, மத்தியானம். நான் வந்து உக்காந்தேன். அவ என் தராசைத் தூக்கிட்டு வந்து எனக்கு முன்னால வெச்சா. ஒரு வட்டலை, சாப்பிடற தட்டை, வெச்சா. பொத்தானை அமுக்கி தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டாந்தா. நான் செய்யறதை இத்தனை நாள் பாத்துட்டே இருந்திருக்கா பாருங்க! கொழம்பை ஊத்தினா, முந்நூத்திப் பத்து. எனக்குத் தள்ளினா. இன்னொரு வட்டலை வெச்சா, பூஜ்யம், முந்நூத்திப் பத்து. அதை எனக்கு எதுத்தாப்பல வெச்சுட்டு, சோத்தைப் போட்டுட்டு, உக்காந்தா.

உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சுட்டாளுங்க. எனக்கு முன்னால.

எனக்கு எங்க பாக்கறதுன்னே தெரியலை. அவ சாப்பிடறதை நான் பாத்ததே கெடையாதுன்னு அப்பத்தான் தோணுச்சு. கல்யாண வீட்டுல கூட ஆம்பளை பந்தி வேற, பொம்பளை பந்தி வேற. அவ மெதுவாச் சாப்பிட்டா. ஒரு வாய் வெச்சதும் கண்ணை மூடிட்டா. 'இது இப்படியா இருக்குது? நல்லா இருக்குதுங்க'ன்னா. அந்தக் காளான் கொழம்பை அவ கையாலயே பத்துத் தடவை வெச்சிருப்பா. என்னமோ அன்னைக்குத்தான் மொதல்முறையா ருசி பாக்கறவளாட்டப் பேசறா.

என் பங்கு முடிஞ்சு போச்சு. 'இன்னும் கொஞ்சம்'னு வட்டலை நகத்தினேன். 'அளவு முடிஞ்சுதுங்க'ன்னா. அவ வட்டல்ல இன்னும் பாதி இருக்குது, சொல்லிட்டுச் சாப்பிட்டுட்டே இருக்கா. எனக்கு ஒரே அவமானமாப் போச்சு. கோவமும் வந்துச்சு. சாப்பாட்டு முன்னால தராசு வெச்சா அது குடும்பமா, மளிகைக்கடையான்னு கேட்டேன். 'தராசை நீங்கதானுங்க கொண்டாந்தீங்க'ன்னா. சத்தம் போட்டுச் சொல்லலை. நான் கையைக் கழுவிட்டு எந்திரிச்சுட்டேன்.

நாலு நாள் இப்படியே போச்சு. அஞ்சாம் நாள் நான் அந்தப் பெட்டியை நிறுத்தச் சொல்லிப் போட்டுட்டேன். புருஷன் பொண்டாட்டிக்குள்ள பிரச்சினை உண்டாக்கற பொருள் வீட்டுக்கு எதுக்கு? அவகிட்டச் சொன்னேன். 'சரிங்க'ன்னா. பழையபடி மார்க்கெட்டுல இருந்து பையி நெறையக் காய் வாங்கியாந்து போட்டேன். அவ மணிக்கட்டுல துணியைச் சுத்திட்டு நறுக்கினா. நான் உக்காந்தேன், அவ நின்னு போட்டா. கரண்டி சொரண்டற சத்தமே இல்லை. நான் நிம்மதின்னு நெனைச்சேன். பத்து நாள் கழிச்சு நோம்பிக்குப் போறேன்னா. போயிட்டு வான்னேன்.

மூணாம் நாள் போன் பண்ணி எப்ப வர்றேன்னு கேட்டேன். 'ஏனுங்க, நான் இங்க ஒறம்பரைங்க'ன்னா. எங்க ஊர்ப்பக்கம் விருந்தாளியா வந்திருக்கற சொந்தக்காரங்களை ஒறம்பரைன்னு சொல்லுவோம். 'மொதல்ல எனக்குத்தான் எலை போடறாங்க. அக்கா பக்கத்துல நின்னு, இன்னொரு கரண்டி வெச்சுக்கோங்கறா. கொழம்பு சூடா இருக்குதுங்க. நான் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் யாரும் என்னை எந்திரிக்க உடறதில்லை'ன்னா. சந்தோசமாத்தான் சொன்னா. நல்லாச் சாப்பிட்டுட்டு வான்னு சொன்னேன். வேற என்னங்க சொல்றது?

நான் பெட்டியை நிறுத்தச் சொன்னேனே, நாந்தான் அதுல ஒரு மாசத்துக்கு மட்டும் நிறுத்துன்னு அமுக்கிட்டேன் போல, போன வாரம் ஒண்ணு வந்து நிக்குது. அந்தக் காளான் கொழம்பேதான். வீட்டுல நான் ஒருத்தன். சரின்னு அட்டையை எதுத்தாப்பல நிறுத்தி வெச்சுட்டு நானே சமைச்சேன். படிக்கறதும் நான்தான், செய்யறதும் நான்தான். அடுப்படியில ஒரு மணி நேரம் நின்னு இடுப்பு கழண்டு போச்சுங்க. படிக்கறது பாதி வேலை இல்லீங்க, அது வேலையே இல்லை.

சாப்பிட உக்காந்தேன். சட்டியைப் பக்கத்துல வெச்சுட்டு, எப்பவும் சாப்பிடறாப்பல, கரண்டி சொரண்டற சத்தம் வர்ற வரைக்கும் சாப்பிட்டேன். எந்திரிக்கும்போது சட்டியைப் பாத்தேன். அடியில கொஞ்சம் கெடந்துச்சு. என்னமோ கை சும்மா இருக்காம, அதைத் தராசுல வெச்சேன்.

தொண்ணூறு கிராம்.

அதுலயும் முக்கால்வாசி எண்ணெயும் கறிவேப்பிலையும். தராசுல கோளாறான்னு முத்திரைக்கல்லை வெச்சுப் பாத்தேன். கோளாறு இல்லை. பத்து கிராமுக்கு நான் எத்தனை கடைக்காரனை நிக்க வெச்சுக் கேட்டிருப்பேன் தெரியுங்களா? எத்தனை பேரு கையைப் புடிச்சுக் கெஞ்சியிருக்கான்? அந்தத் தொண்ணூறு கிராமை நான் சாப்பிடலை. கொட்டவும் மனசு வரலை. ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு உக்காந்திருந்தனுங்க.

ஆனா தப்பு எங்கன்னு கண்டுபுடிச்சுட்டேன். தப்பு எடையில இல்லை. ஹேமா ரெண்டு பேருன்னு போட்டுருச்சு பாருங்க, அதுதான் தப்பு. எங்க வீட்டுக்கு மூணு பேருக்குப் போட்டிருக்கணும். ஒடனே போனை எடுத்து மூணு பேருக்குன்னு பதிஞ்சுட்டேன். ரொம்பத் தெம்பா இருந்துச்சு. அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன், 'அம்மிணி, பெட்டியை மறுபடி வரச் சொல்லிட்டேன், இந்தத் தடவை மூணு பேருக்கு'ன்னு.

'மூணாவது யாருங்க?'ன்னா.

'யாரும் இல்லை. எனக்குப் போக, உனக்கும் மிஞ்சணுமில்லை? அதுக்குத்தான்'னு சொன்னேன்.

'மிஞ்சறதுதானுங்களா எனக்கு?'ன்னு கேட்டா.

கோவமாக் கேட்டிருந்தா நானும் கோவப்பட்டிருப்பேன். அவ சும்மா, தெரிஞ்சுக்கறதுக்குக் கேக்கறாப்பல கேட்டா. போனை வெச்சுட்டா. மூணு நாளா அது என் காதுலயே நிக்குதுங்க. தூக்கமில்லை. நான் என்ன கெட்டவனா? குடிச்சுட்டு வந்தேனா, அடிச்சேனா? நீங்களே சொல்லுங்க. ஒரு நாள் அவ பசிக்குதுன்னு சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா? சலிச்சுப் போச்சுங்க எனக்கு, இதையே நெனைச்சு நெனைச்சு.

பெட்டியைக் கேட்டீங்க. வாங்கறதுன்னா வாங்குங்க. அவன் பொருள் சுத்தமுங்க, எடையில ஒரு கொறை சொல்ல முடியாது. சமைக்கத் தெரியாதவனுக்கும் சமைக்க வந்துரும், நானே சாட்சி. உங்க வீட்டுலதான் ஒண்ணா உக்காந்து சாப்பிடறீங்களே, உங்களுக்குப் பத்தும்.

மணி என்னங்க ஆச்சு? பன்னெண்டரையா? நான் பஸ் ஏறும்போது இதை யோசிக்கவே இல்லை பாருங்க. ஒரு மணிக்கெல்லாம் அங்க எலை போட்டுருவாங்க. நான் இப்பப் போயி நின்னா, ஊர்ல இருந்து வந்திருக்காருன்னு மொத எலை எனக்குத்தான். அவ எலைக்கு முன்னால உக்காந்திருப்பா. என்னைப் பாத்ததும் எந்திரிச்சுருவா. யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவளே எந்திரிச்சு அவ அக்கா கையில இருந்து கரண்டியை வாங்கிக்குவா.

கண்டக்டரே, குண்டடத்துல நிறுத்துங்க. ஒரு ஆள் எறங்கணும்.

ஆமாங்க, டிக்கெட் தாராபுரம் வரைக்கும்தான். இல்லீங்க, இங்க எனக்கு யாரையும் தெரியாது. பஸ் ஸ்டாப்புல உக்காந்திருந்துட்டு, ரெண்டு மணிக்கு மேல வர்ற பஸ்ஸுல போயிக்கறேன். பசிங்களா? பசிக்குதுங்க, காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலை. காலைக் கொஞ்சம் மடக்குங்க, எறங்கிக்கறேன். அவ சாப்பிட்டு முடிக்கட்டும்.